வண்டி கிடைக்காத காலத்தில் புது கார்: கொட்டேஷனை வரி வரியாகப் படித்து நியாயமான விலைக்கு வாங்குவது எப்படி?

2022-இல் நான் கார் வாங்கியபோது சிப் தட்டுப்பாடு உச்சத்தில் இருந்தது. புக் செய்துவிட்டு ஏழு மாதம் காத்திருந்தேன். ஒருநாள் காலையில் போன் வந்தது. "சார், உங்க வண்டி வந்துடுச்சு. இன்னைக்கே ஃபுல் பேமென்ட் பண்ணிடுங்க, இல்லைன்னா அடுத்தவருக்குப் போயிடும்." ஏழு மாதம் காத்திருந்தவனுக்கு அந்த நேரத்தில் கணக்குப் பார்க்கத் தோன்றவில்லை. கட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்து ரசீதுகளை விரித்துவைத்துப் பார்த்தபோதுதான், கேட்காத பொருட்களுக்கும் விளக்கமே இல்லாத கட்டணங்களுக்கும் அறுபதாயிரத்துக்கு மேல் போயிருந்தது தெரிந்தது.

2025 அக்டோபரில் என் மைத்துனன் கார் வாங்கக் கிளம்பினான். செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருந்தது, மேலே இருந்த செஸ் என்ற கூடுதல் வரியும் போய்விட்டது. கூடவே ஆயுத பூஜை, தீபாவளி. ஷோரூம்களில் நிற்க இடமில்லை. மறுபடியும் அதே நிலைமை, அதே அவசரம். இந்த முறை நான் கூடவே போனேன். முதலில் கொடுத்த கொட்டேஷன் 11,83,100 ரூபாய். கடைசியில் கட்டியது 11,14,900. ஒரு ரூபாய்கூடத் தள்ளுபடி வாங்கவில்லை. தேவையில்லாததைக் கட்டவில்லை, அவ்வளவுதான். அதை எப்படிச் செய்தோம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். கணக்கெல்லாம் தமிழ்நாட்டுக்கானது.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வண்டிக்கு ஆள் வரிசையில் நிற்கும்போது தள்ளுபடி கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம், கிடைக்காது. ஷோரூம் விலை, அரசுக்குப் போக வேண்டிய பணம், நீங்களாக விரும்பித் தேர்ந்தெடுத்தவை. இந்த மூன்றின் கூட்டுத்தொகைதான் அப்போதைக்கு நியாயமான விலை. அதற்கு மேல் இருக்கும் ஒவ்வொரு வரியும் கேள்வி கேட்க வேண்டிய வரி.

படி 1: ஆன்ரோடு விலை என்று ஒற்றை எண்ணைக் கேட்காதீர்கள்

"ஆன்ரோடு எவ்வளவு வரும்?" என்று கேட்டால் ஒரே எண்ணாகத்தான் பதில் வரும். பிரித்து எழுதிய கொட்டேஷனை மெயிலில் கேளுங்கள். விசிட்டிங் கார்டின் பின்பக்கத்தில் பேனாவால் எழுதிக் கொடுப்பது கொட்டேஷன் ஆகாது. எங்களுக்கு வந்தது இப்படி இருந்தது:

ஷோரூம் விலை 9,40,000
ஆயுட்கால வரி 1,22,200
இன்சூரன்ஸ் 54,800
ஆர்டிஓ மற்றும் இதர செலவு 12,000
ஹேண்ட்லிங் 8,500
எசென்ஷியல் கிட், ஆக்சஸரீஸ் 28,000
எக்ஸ்டெண்டட் வாரண்டி 17,000
ஃபாஸ்டேக் 600

முதல் இரண்டு வரிகளில் பேச ஒன்றுமில்லை. ஷோரூம் விலையை நிறுவனத்தின் இணையதளத்தில் நீங்களே சரிபார்க்கலாம். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் திருத்திய ஆயுட்கால வரி விகிதம் இது: 5 லட்சம் வரை 12%, 5 முதல் 10 லட்சம் வரை 13%, 10 முதல் 20 லட்சம் வரை 18%, அதற்கு மேல் 20%.

வேரியண்ட் தேர்ந்தெடுக்கும்போதே இந்த 10 லட்சக் கோட்டைக் கவனியுங்கள். 9,95,000 ரூபாய் வண்டிக்கு வரி 1,29,350. அதே வண்டியின் அடுத்த வேரியண்ட் 10,10,000 என்றால் வரி 1,81,800. வண்டி விலையில் 15,000 தான் வித்தியாசம், ஆனால் கையிலிருந்து போவது 67,450 கூடுதல். போதாததற்கு 10 லட்சத்தைத் தாண்டினால் 1% டிசிஎஸ் (விற்பவரே முன்கூட்டிப் பிடிக்கும் வருமான வரி) வேறு பிடிப்பார்கள். அது வருமான வரிக் கணக்கில் திரும்பக் கிடைத்துவிடும், அதற்காகக் கவலைப்பட வேண்டாம். வரியில் போன 52 ஆயிரம் திரும்பாது. ஒரு சன்ரூஃபுக்கு இது தகுமா என்று வீட்டில் உட்கார்ந்து யோசியுங்கள், ஷோரூமில் அல்ல.

படி 2: புக்கிங் ரசீதோடு நிற்காதீர்கள்

டீலர் கொடுக்கும் ரசீது மட்டும் போதாது. நிறுவனத்தின் சிஸ்டத்தில் உங்கள் பெயரில் புக்கிங் எண் உருவாக வேண்டும், உங்கள் மொபைலுக்கு நிறுவனத்திடமிருந்து எஸ்எம்எஸ் வர வேண்டும். அது வராதவரை நீங்கள் எந்த வரிசையிலும் இல்லை. 2022-இல் என் பணத்தை வாங்கிய மூன்று வாரத்துக்குப் பிறகுதான் சிஸ்டத்தில் ஏற்றியிருக்கிறார்கள். கேட்டபோது "மாச டார்கெட்" என்றார்கள்.

புக்கிங் படிவத்தில் "டெலிவரி நாளன்று உள்ள விலையே பொருந்தும்" என்ற வரி அநேகமாக எல்லா நிறுவனத்திலும் இருக்கும். அதை மாற்ற முடியாது, ஆனால் மனதில் வைத்துத் திட்டமிடலாம். ஜனவரியிலும் ஏப்ரலிலும் விலை ஏற்றுவது பல நிறுவனங்களின் வழக்கம். என் ஏழு மாதத்தில் இரண்டு முறை ஏறியது. படிவத்தின் அதே வாசகம் 2025 செப்டம்பரில் வாடிக்கையாளருக்குச் சாதகமாக அமைந்தது. ஆகஸ்டில் புக் செய்தவர்களுக்கும் 22-ஆம் தேதிக்குப் பிறகு இன்வாய்ஸ் போட்டால் புதிய ஜிஎஸ்டி விகிதம்தான்.

புக்கிங் பணத்தை நிறுவனத்தின் தளத்திலோ டீலரின் வங்கிக் கணக்கிலோ மட்டும் கட்டுங்கள். சேல்ஸ் பையன் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவருடைய சொந்த ஜிபே எண்ணுக்கு அனுப்ப வேண்டாம்.

படி 3: இன்சூரன்ஸ். இங்கேதான் நான் ஏமாந்தேன்

இதை நிதானமாகப் படியுங்கள். புது காருக்கு 3 வருட மூன்றாம் நபர் காப்பீடு (நம் வண்டியால் அடுத்தவருக்கு வரும் பாதிப்புக்கானது) கட்டாயம். சொந்த சேதத்துக்கான காப்பீடு ஒரு வருடத்துக்கு எடுத்தால் போதும். மூன்றாம் நபர் பிரீமியம் அரசு நிர்ணயித்தது, எந்த கம்பெனியில் எடுத்தாலும் ஒன்றுதான். 1000 முதல் 1500 சிசி வரையான தனியார் காருக்கு 2022 ஜூனில் வந்த விகிதப்படி 3 வருடத்துக்கு 10,640 ரூபாய், மேலே 18% ஜிஎஸ்டி. ஆகவே விலை வித்தியாசம் முழுக்க சொந்த சேதப் பகுதியிலும், அதோடு ஒட்டவைக்கும் கூடுதல் பாதுகாப்புகளிலும்தான்.

எங்கே வேண்டுமானாலும் இன்சூரன்ஸ் எடுத்துக்கொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு. டீலர்கள் காப்பீடு விற்பதற்கு காப்பீட்டுத் துறையின் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2017-லேயே விதிமுறை கொண்டுவந்தது. தங்களிடம்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது. டீலரும் நேரடியாக "முடியாது" என்று சொல்ல மாட்டார். வேறு மாதிரி நடக்கும்.

வெளியே பாலிசி எடுக்க சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் வேண்டும். வண்டி ஒதுக்கிய பிறகுதான் அந்த எண்கள் வரும். "முழுப் பணம் கட்டினால்தான் எண் தருவோம்" என்பார்கள். முழுப் பணம் கட்டிய அன்று மாலையே "ரெஜிஸ்ட்ரேஷனுக்கு அனுப்பணும் சார், பாலிசி உடனே வேணும்" என்பார்கள். அந்த இரண்டு மணி நேரத்தில் நீங்கள் என்ன செய்ய முடியும்? நான் ஒன்றும் செய்ய முடியாமல் அவர்கள் போட்ட பாலிசிக்கே பணம் கட்டினேன்.

இந்த முறை இப்படிச் செய்தோம். புக் செய்த அன்றே, மாடலும் வேரியண்டும் மட்டும் வைத்து மூன்று கம்பெனிகளில் கொட்டேஷன் வாங்கிவைத்துக்கொண்டோம். டீலர் கொட்டேஷனில் இருந்த ஐடிவி (பாலிசியில் வண்டிக்குக் குறிக்கும் மதிப்பு) என்னவோ அதையே எல்லாவற்றிலும் போட்டோம். கூடுதல் பாதுகாப்புகளான ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காமல் தருவது), இன்ஜின் ப்ரொடெக்ட், ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் (வண்டி முழுதாகப் போனால் பில் தொகையைத் தருவது) மூன்றும் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி. இப்படி வைத்தால்தான் ஒப்பிட முடியும். ஐடிவியைக் குறைத்து பிரீமியத்தைக் குறைவாகக் காட்டுபவர்கள் உண்டு. ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் இல்லாவிட்டால், வண்டி முழுதாகப் போகும்போது கையில் வருவது அந்த ஐடிவிதான்.

பிறகு டீலருக்கு ஒரு மெயில்: "இன்சூரன்ஸை நாங்களே எடுக்கிறோம். வண்டி ஒதுக்கியதும் சேசிஸ் எண், இன்ஜின் எண்ணுடன் ப்ரோஃபார்மா இன்வாய்ஸ் (முன்கூட்டிய பில்) அனுப்புங்கள். பாலிசி கைக்கு வந்ததும் மீதிப் பணம் கட்டுகிறோம்." வாயால் சொன்னதை மறந்துவிடுவார்கள், மெயிலை மறக்க முடியாது. இரண்டு நாள் பதில் இல்லை. நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை முகவரியையும் சேர்த்து மறுபடி அனுப்பினோம். அன்று மாலையே மேனேஜர் கூப்பிட்டார்.

அதே பாதுகாப்புகள், அதே ஐடிவி. வெளியே 38,900. டீலரிடம் 54,800.

இதிலும் ஒரு இடத்தில் சறுக்கினோம். மைத்துனன் லோனில் வாங்கினான். பாலிசியில் ஹைப்பாதிகேஷன் (வண்டி யாரிடம் அடமானம்) என்ற இடத்தில் வங்கியின் பெயரைப் போட மறந்துவிட்டோம். டீலர் பாலிசியைத் திருப்பி அனுப்பிவிட்டார். திருத்தி வாங்க இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் "மாமா, வண்டி வேற யாருக்காவது போயிடுமோ" என்று அவன் தூங்கவே இல்லை. லோன் என்றால் வங்கியின் பெயர், ஆர்சியில் வரப்போகும் அதே முகவரி, இரண்டும் பாலிசியில் இருக்கிறதா என்று பணம் கட்டும் முன்பே பாருங்கள். இன்னொன்று: நீங்கள் சர்வீஸ் விடப்போகும் அந்த ஒர்க்‌ஷாப் அந்த இன்சூரன்ஸ் கம்பெனியின் கேஷ்லெஸ் (ரிப்பேர் பணத்தைக் கம்பெனியே நேரடியாகக் கட்டும் வசதி) பட்டியலில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். "வெளி பாலிசிக்கு கேஷ்லெஸ் கிடையாது" என்ற பேச்சுக்கு அந்தப் பட்டியல்தான் பதில்.

இவ்வளவு அலைய முடியாது என்றால், வெளிக் கொட்டேஷனை டீலரிடம் காட்டுங்கள். பல நேரம் அந்த விலைக்கு இறங்கி வருவார்கள். கமிஷனில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் போதுமே அவர்களுக்கு.

படி 4: கொட்டேஷனில் மீதி இருக்கும் வரிகள்

ஹேண்ட்லிங்: தொழிற்சாலையிலிருந்து ஷோரூமுக்கு வந்து சேரும் செலவும் டீலரின் லாபமும் ஷோரூம் விலைக்குள்ளேயே இருக்கின்றன. "இது எதற்கான கட்டணம், ரசீதில் என்ன பெயரில் வரும்?" என்று மெயிலில் கேட்டோம். அடுத்த கொட்டேஷனில் அந்த வரியே இல்லை.

ஆர்டிஓ செலவு: பதிவுக் கட்டணம் 600, லோன் என்றால் ஹைப்பாதிகேஷனுக்கு 1,500, அப்புறம் ஆர்சி கார்டு, சாலைப் பாதுகாப்பு வரி என்று சில்லறைகள். 12,000 வர வாய்ப்பே இல்லை. அரசு ரசீது எவ்வளவோ அவ்வளவு தருகிறோம், அலைச்சலுக்குத் தனியாகக் கொஞ்சம் தருகிறோம் என்று பேசி 6,000-இல் முடித்தோம். இதற்கு மேல் இழுக்க எனக்கு மனமில்லை. அங்கே போய் வரிசையில் நிற்பவரும் ஒரு மனிதர்தான். நம்பர் பிளேட்டுக்குத் தனியாகப் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம், 2019 ஏப்ரல் முதல் உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் வண்டியோடு சேர்ந்தே வர வேண்டும்.

ஆக்சஸரீஸ்: வண்டி தட்டுப்பாடு என்றாலே "கிட் கட்டாயம் சார்" என்பது தொடங்கிவிடும். எந்தக் கிட்டும் கட்டாயமில்லை. ஆனால் முகத்தில் அடித்தாற்போல மறுத்தால் அலாட்மென்ட் தள்ளிப்போகும் அபாயம் இருக்கிறது, அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நாங்கள் நடுவழி எடுத்தோம். விலைப்பட்டியலை வாங்கி மேட், மட்ஃப்ளாப், அவசர கிட் என்று உண்மையில் தேவைப்பட்டதை மட்டும் டிக் செய்தோம். 7,200. மீதியெல்லாம் திருச்சியிலேயே வெளிக்கடைகளில் பாதி விலைக்குக் கிடைக்கிறது.

எக்ஸ்டெண்டட் வாரண்டி: நல்ல விஷயம்தான், நான் எடுப்பேன். ஆனால் முதல் நாளே எடுக்க வேண்டியதில்லை. பெரும்பாலான நிறுவனங்களில் அடிப்படை வாரண்டி முடிவதற்குள் எடுக்கலாம். தாமதித்தால் விலை சற்று கூடும், அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: பதிவுக்கு முன்பே வண்டியை யார்டில் பாருங்கள்

உங்கள் பெயரில் பதிவாகிவிட்ட வண்டியை வேண்டாம் என்று சொல்வது கிட்டத்தட்ட நடக்காத காரியம். ஆகவே பதிவுக்கு முன்பே டீலர் வண்டிகளை நிறுத்திவைக்கும் யார்டுக்குப் போங்கள், பகல் வெளிச்சத்தில். ப்ரோஃபார்மாவில் இருக்கும் சேசிஸ் எண்ணும் வண்டியில் இருப்பதும் ஒன்றா என்று பாருங்கள். 17 எழுத்துள்ள அந்த எண்ணில் பத்தாவது எழுத்து பெரும்பாலான நிறுவனங்களில் உற்பத்தி ஆண்டு: 2024-க்கு ஆர், 2025-க்கு எஸ். டயரில் ஓவலுக்குள் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். வண்டி தயாரான மாதத்துக்கு ஓரளவு ஒட்டி வர வேண்டும். ஓடோமீட்டரையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

சீக்கிரம் கிடைக்க ஒரு வழி

நிறத்தில் பிடிவாதம் வேண்டாம். மைத்துனன் கேட்டது வெள்ளை. நவம்பர் மூன்றாவது வாரம் யாரோ கேன்சல் செய்த சாம்பல் நிற வண்டி ஒன்று வந்தது, ஒத்துக்கொண்டான். ஒரு வண்டி யார்டில் நிற்கும் ஒவ்வொரு நாளும் டீலருக்கு வட்டி ஓடுகிறது, கேன்சல் வண்டியைச் சீக்கிரம் தள்ளிவிடத்தான் பார்ப்பார். ஆடி, மார்கழியில் இது இன்னும் அதிகம் நடக்கும். அலாட் ஆன வண்டியை "தையில எடுத்துக்கிறேன்" என்று தள்ளிப்போடுபவர்கள் நிறைய. உங்கள் வீட்டில் ஆட்சேபம் இல்லை என்றால், ஆடியிலும் எடுப்பேன் என்று மேனேஜரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு இருவர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். பாண்டிச்சேரியில் வரி குறைவு, அங்கே பதிவு செய்யலாமா? அங்கே உண்மையிலேயே குடியிருந்தால் செய்யுங்கள். தமிழ்நாட்டில் இருந்துகொண்டு நண்பரின் முகவரியில் பதிவு செய்வது வேண்டாம். வேறு மாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும், இங்குள்ள வரியையும் கட்ட வேண்டும். அதற்குப் பதிலாக, தமிழ்நாட்டுக்குள்ளேயே வேறு ஊர் டீலர்களைக் கேட்டுப் பாருங்கள். வரி எல்லா மாவட்டத்திலும் ஒன்றுதான். திருச்சியில் நான்கு மாதம் என்றார்கள், அதே வேரியண்டுக்கு திண்டுக்கல்லில் ஆறு வாரம் என்றார்கள்.

இன்னொருவர், வெளிக்கடையில் மியூசிக் சிஸ்டம் மாட்டினால் வாரண்டி போய்விடுமா என்று கேட்டிருந்தார். மேட், சீட் கவர் போன்றவற்றால் ஒன்றும் ஆகாது. வயரை வெட்டி ஒட்டும் எந்த வேலையையும் வெளியே செய்ய வேண்டாம். மின்சாரக் கோளாறு வந்தால் அதைக் காட்டித்தான் கையை விரிப்பார்கள். அந்த ஒரு பொருளை மட்டும் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாவது ஷோரூமிலேயே மாட்டி, பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.