லேசர் வருடல் தரவிலிருந்து வரைபடக் கட்டடங்களுக்கு உயரம் சேர்த்தல்

எவரும் திருத்தக்கூடிய திறந்த உலக வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் வரையப்பட்டுள்ள கட்டடங்களில் பெரும்பாலானவற்றுக்கு வெளிக்கோடு மட்டுமே உண்டு; உயரம் இல்லை. விமானத்திலிருந்து தரையை நோக்கி லேசர் துடிப்புகளை அனுப்பி, அவை திரும்பி வரும் நேரத்தைக் கொண்டு தொலைவை அளக்கும் லைடார் தரவு இந்தக் குறையைத் தீர்க்க உதவும். இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை தன் லைடார் தரவை 2015-இல் திறந்த தரவாக வெளியிட்டது. நெதர்லாந்தின் ஏஹெச்என், அமெரிக்காவின் 3டெப் ஆகிய திட்டங்களின் தரவையும் எவரும் கட்டணமின்றித் தரவிறக்கலாம்.

எனினும் இலவசமாகக் கிடைப்பது வேறு, வரைபடத்தில் சேர்க்க உரிமை இருப்பது வேறு. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் ஓடிபிஎல் என்னும் திறந்த தரவுத்தள உரிமத்தோடு தரவின் உரிமம் பொருந்த வேண்டும். ஐக்கிய இராச்சியத்தின் திறந்த அரசு உரிமம் பொருந்தும்; கிரியேட்டிவ் காமன்ஸ் பெயர்குறிப்பிடல் 4.0 உரிமத்தில் உள்ள தரவுக்கு, உரிமையாளரிடமிருந்து தனி இசைவு பெற வேண்டியிருக்கும். வேலை முடிந்தபின் இதைத் தேடுவதைவிடத் தொடங்குமுன் உறுதிசெய்துகொள்வது நல்லது.

தரவு பொதுவாக இரண்டு வடிவங்களில் கிடைக்கும். ஒன்று, லேசர் பட்ட ஒவ்வோர் இடத்தையும் தனிப் புள்ளியாகக் கொண்ட மூலப் புள்ளிமேகம். அதில் தரைப் புள்ளிகளுக்கு 2, கட்டடப் புள்ளிகளுக்கு 6 என வகை எண்கள் இடப்பட்டிருக்கும். மற்றொன்று, ஏற்கெனவே கட்டங்களாக்கப்பட்டு, கட்டத்துக்கு ஓர் உயர மதிப்பு இடப்பட்ட ராஸ்டர். தொடங்குவோர்க்கு இதுவே போதும். ராஸ்டரில் கூரைகளையும் மரங்களையும் உள்ளடக்கிய மேற்பரப்பு மாதிரி, அவற்றை நீக்கிய தரை மாதிரி என இரண்டையும் எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டும் கடல்மட்டத்தை அடிப்படையாகக் கொண்ட உயரங்களையே தருவதால், மேற்பரப்பு மாதிரியின் எண்ணை அப்படியே கட்டட உயரமாகப் பதிவது பெரும்பிழை.

ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் உயரம் கிடைத்துவிடும் என்று பல வழிகாட்டிகள் கூறுகின்றன. சமதரையில் அது சரிதான். ஆனால் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ‘ஹைட்’ (height) குறிச்சொல், கட்டடம் தரையைத் தொடும் மிகத் தாழ்ந்த இடத்திலிருந்து கூரையின் உச்சிவரை உள்ள அளவைக் குறிக்கிறது. ஆண்டெனா போன்றவை அதில் சேரா. ஆகவே சரிவில் நிற்கும் கட்டடத்துக்கு, கூரை உச்சியின் மதிப்பை மேற்பரப்பு மாதிரியிலிருந்தும், வெளிக்கோட்டுக்குள் உள்ள குறைந்தபட்ச மதிப்பைத் தரை மாதிரியிலிருந்தும் தனித்தனியே எடுத்து, அதன்பின் கழிப்பதே முறை.

கியூஜிஐஎஸ் என்னும் இலவச வரைபட மென்பொருளில் கட்டட வெளிக்கோடுகளை ஏற்றி, அவற்றை ராஸ்டரின் ஆயத்தொலை முறைக்கு மாற்றுங்கள். ராஸ்டரை மாற்றினால் மதிப்புகள் மறுகணக்கிடப்பட்டு விளிம்புகள் மழுங்கிவிடும். வான்படத்தைப் பார்த்து வரைந்த வெளிக்கோடு, உண்மையான இடத்திலிருந்து ஓரிரு மீட்டர் விலகியிருக்கக்கூடும். அப்படியானால் முதலில் அதை நகர்த்திச் சரிசெய்ய வேண்டும். பிறகு கூரையின் மதிப்பை எடுப்பதற்காக மட்டும் ஒவ்வொரு வெளிக்கோட்டையும் ஒரு மீட்டர் அளவுக்கு உள்நோக்கிச் சுருக்கினால், சுவரோரத்தில் கூரையும் தரையும் கலந்த கட்டங்கள் விலகும்.

அடுத்து எந்தப் புள்ளியியல் அளவை எடுப்பது என்ற கேள்வி எழும். உச்ச மதிப்பு புகைபோக்கியையோ ஆண்டெனாவையோ பிடித்துவிடும். சராசரி, சாய்கூரையின் நடுப்பகுதியைத்தான் சொல்லும். பைதான் நிரல்மொழியின் ராஸ்டர்ஸ்டாட்ஸ் நூலகம் கணக்கிட்டுத் தரும் 95-ஆம் சதமான மதிப்பு (கட்டங்களில் 95 விழுக்காடு இதற்குக் கீழே இருக்கும்), தட்டைக் கூரைக்குப் பொருத்தமானது. இருபுறமும் சரியும் கூரையில், கூரைப்பகுதியின் உயரம் 3 மீட்டர் என்றால், இம்மதிப்பு முகட்டைவிட ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் மட்டுமே தாழும். அதே உயரமுள்ள பிரமிடு வடிவக் கூரையிலோ குறைவு 67 சென்டிமீட்டரை எட்டும். அத்தகைய கட்டடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக் கையால் பதிவதே மேல்.

கூரைமேல் கவிந்த மரம் அடுத்த தொல்லை. ஒரே லேசர் துடிப்பு இலையிலும் அதன் கீழுள்ளவற்றிலும் பட்டுப் பல எதிரொலிகளாகத் திரும்பலாம்; முதல் எதிரொலியில் உருவான மாதிரி இலைகளின் உச்சியைக் காட்டும். கடைசி எதிரொலி மாதிரி கிடைத்தால் இரண்டையும் ஒப்பிட்டு, வேறுபாடு மிகுந்த கட்டடங்களை ஒதுக்கி வையுங்கள். ஒரே வெளிக்கோட்டுக்குள் உயரங்களின் திட்ட விலக்கம், அதாவது மதிப்புகளின் சிதறல், பெரிதாக இருந்தால், தாழ்ந்த பகுதியும் கோபுரமும் ஒன்றாக வரையப்பட்டிருக்கலாம். அவற்றைக் கட்டடப் பகுதிகளாகப் பிரித்துத் தனித்தனி உயரம் இட வேண்டும். அளவை நடந்த ஆண்டையும் பாருங்கள்: 2 மீட்டருக்குக் குறைவான ‘கட்டடம்’ பெரும்பாலும் அளவைக்குப்பின் எழுந்ததாகவோ, அதற்குமுன் இடிக்கப்பட்டதாகவோ இருக்கும்.

கிடைத்த எண்ணை மீட்டரில், ஒரு தசம இடத்துக்கு முழுமையாக்கிப் பதிந்தால் போதும். லைடாரின் செங்குத்துப் பிழையே 10 முதல் 15 சென்டிமீட்டர் இருக்கும்போது சென்டிமீட்டர் துல்லியம் காட்டுவது வெறும் தோற்றமே. நேரில் அளந்து முன்னரே ஒருவர் பதிந்த உயரத்தை மேலெழுதாதீர்கள். மூலத்தையும் அளவை ஆண்டையும் மாற்றத்தொகுப்பின் (ஒருமுறை ஏற்றும் திருத்தங்களின் தொகுதி) குறிப்பில் எழுதுங்கள். பெருமளவில் ஒரே வீச்சில் ஏற்றுவதானால், உள்ளூர் வரைபடக் குழுவினரோடு முன்கூட்டியே கலந்து பேசுவதும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவு இறக்குமதி விதிகளைப் பின்பற்றுவதும் கட்டாயம். முதலில் ஒரு தெருவை மட்டும் ஏற்றி, முப்பரிமாணக் காட்சியில் அதைத் தெருவோரப் படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு அடுத்த தெருவுக்குச் செல்லுங்கள்.