மலைநாட்டுக் குளிரில் முதல் இஞ்சி பியர்

வீட்டில் பியர் காய்ச்சிப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களை நான் முதலில் இஞ்சிப் பக்கம் திருப்பிவிடுவேன். 1912 ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் இலங்கையில் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் மதுபானம் தயாரித்தால் குற்றம். ‘வீட்டுக்குத்தானே’ என்ற சமாதானம் எடுபடாது. சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும் இஞ்சி பியர்தான் நல்ல ஆசிரியர். சுத்தம், ஈஸ்ட், வெதுவெதுப்பு, வாயு அழுத்தம் என்று பியர் காய்ச்சுகிறவர் கற்க வேண்டிய நான்கையும் சில நாட்களிலேயே கற்றுத் தந்துவிடும். பியரில் கை தவறியது தெரிய வாரக்கணக்காகும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தோட்டத்தில் யாரிடமாவது ‘வீட்டில் ஒன்றை நொதிக்க வைத்திருக்கிறேன்’ என்றால் முகம் மாறும். கசிப்பு எத்தனை வீடுகளைக் கெடுத்தது என்று பார்த்தவர்களின் சந்தேகம் அது, அதில் தவறில்லை. கசிப்பு என்பது நொதித்ததை மறுபடி கொதிக்க வைத்து ஆவியை வடித்தெடுப்பது. நாம் எதையும் வடிக்கப் போவதில்லை. போத்தலை ஒளித்து வைக்காமல் குசினியிலேயே வையுங்கள். கேட்கிறவர்களுக்கு ஒரு கோப்பை ஊற்றிக் கொடுங்கள்.

வாங்க வேண்டியவை

இஞ்சி 120 கிராம், சீனி 180 கிராம், தேசிக்காய் இரண்டு, கராம்பு மூன்று, ஒரு சிட்டிகை உப்பு, தண்ணீர் ஒன்றே முக்கால் லீட்டர். பாண் போடுகிறவர்கள் பாவிக்கும் உலர் ஈஸ்ட் ஒரு தேக்கரண்டியில் எட்டில் ஒரு பங்கு. ‘இவ்வளவுதானா’ என்று தோன்றும். அதற்கு மேல் போடாதீர்கள். கூடினால் பாணின் வாடை ஏறிவிடும், வாயுவும் நம் கணக்குக்குள் நிற்காது.

சந்தையில் கிடைத்தால் நாட்டு இஞ்சியையே வாங்குங்கள். விரல் சிறியது, மண் அதிகம் ஒட்டியிருக்கும், சுத்தம் செய்வது தொல்லை. ஆனால் காரம் அதில்தான். பருத்த சீன இஞ்சி என்றால் 150 கிராம் வரை போடலாம்.

போத்தல் விஷயத்தில் மட்டும் என்னிடம் சலுகை இல்லை. சோடா வந்த பிளாஸ்டிக் போத்தல்தான் வேண்டும்: ஒன்றரை லீட்டரில் ஒன்று, அரை லீட்டரில் ஒன்று. கண்ணாடிப் போத்தல் வேண்டவே வேண்டாம். உள்ளே வாயு எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதைக் கண்ணாடி காட்டாது. தாங்க முடியாதபோது வெடித்துச் சிதறும். பிளாஸ்டிக் போத்தலைக் கையால் அமுக்கிப் பார்த்தாலே நிலைமை தெரிந்துவிடும். தண்ணீர் வந்த மெல்லிய போத்தலும் உதவாது, அது அழுத்தத்துக்கென்று செய்யப்பட்டதல்ல.

காய்ச்சுதல்

பாத்திரம், கரண்டி, புனல், வடிதுணி, போத்தல், மூடி எல்லாவற்றையும் சவர்க்காரம் போட்டுக் கழுவி, சவர்க்கார வாடை போகும்வரை அலசுங்கள். கரண்டிக்கும் துணிக்கும் கொதிநீர் ஊற்றலாம். போத்தலுக்கு ஊற்றினால் சுருங்கிக் கோணிவிடும். அதற்குச் சூடான தண்ணீர் போதும்.

தண்ணீர் முழுவதையும் முதலில் கொதிக்க வையுங்கள். பீலித் தண்ணீரானாலும் குழாய்த் தண்ணீரானாலும் இதைத் தவிர்க்க வேண்டாம். ஒன்றில் கிருமி இருக்கலாம்; மற்றதில் இருக்கும் குளோரின் ஈஸ்டுக்கு ஆகாது. ஒரு லீட்டரை மூடி ஆற வைத்துவிட்டு, மீதித் தண்ணீரில் தோலோடு இடித்த இஞ்சி, கராம்பு, உப்பு, சீனி ஆகியவற்றைப் போட்டு 20 நிமிடம் மெதுவாகக் கொதிக்க விடுங்கள். சமையல் குறிப்புகளில் 15 நிமிடம் என்றிருக்கும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீட்டர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. கொழும்புக்காரர்களைவிட நமக்கு ஐந்து நிமிடம் கூடுதலாகத் தேவை.

அடுப்பை அணைத்து, கால் மணி நேரம் மூடி வைத்து வடிகட்டுங்கள். ஆற வைத்த தண்ணீரையும் தேசிக்காய்ச் சாற்றையும் இப்போது சேர்க்கலாம். சாற்றைக் கொதிக்க விட்டால் மணம் போய்விடும். அந்தப் புளிப்பு ருசிக்கு மட்டுமல்ல, வேண்டாத கிருமிகளையும் தள்ளி வைக்கும்.

ஈஸ்ட் சேர்த்தல்

பாத்திரத்தின் அடியைத் தொட்டால் கைக்கு இளஞ்சூடாக, 30 பாகைக்குக் கிட்ட இருக்க வேண்டும். அதற்கு முன் அவசரப்பட்டால் ஈஸ்ட் செத்துவிடும். 55 பாகைக்கு மேல் அது பிழைக்காது. ஈஸ்டைத் தூவி, பத்து நிமிடம் ஊற விட்டு, கலக்கிப் போத்தல்களில் ஊற்றுங்கள். மேலே நான்கு விரல் இடம் விட்டு மூடியை இறுக்குங்கள்.

குளிரோடு மல்லுக்கட்டுதல்

கரையோரத்தில் எழுதப்பட்ட எந்தக் குறிப்பும் நம்மைக் கைவிடும் இடம் இது. ‘ஒரு நாள் வெளியே வைத்தால் போதும்’ என்பார்கள். கொழும்பின் 28 பாகையில் அது உண்மை. டிசம்பரிலும் ஜனவரியிலும் நுவரெலியாவில் விடியற்காலையில் புல்லில் உறைபனி பிடிக்கும். ஹட்டன், தலவாக்கலைப் பக்கமும் இரவு நன்றாகவே குளிரும். அந்தக் குளிரில் ஈஸ்ட் சாகாது, போர்வைக்குள் சுருண்ட பிள்ளையைப் போல எழும்ப மறுக்கும். மறுநாள் போத்தல் மெத்தென்று இருந்தால் பழுதாகிவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள், ஈஸ்டை மேலும் தூவவும் வேண்டாம். பிறகு வெயில் ஏறும்போது இரண்டும் சேர்ந்து வேலை செய்யத் தொடங்கினால் அழுத்தம் எல்லை மீறிவிடும்.

வெதுவெதுப்பைத்தான் கூட்ட வேண்டும். விறகடுப்பு இருக்கும் வீடு என்றால் அடுப்புக்கு ஒரு முழம் தள்ளி, போத்தல் அதிகம் சூடாகாத பக்கமாக வையுங்கள். காஸ் அடுப்பு வீட்டில் ஒரு அட்டைப் பெட்டிக்குள் போத்தல்களோடு சுடுநீர் நிரப்பிய இன்னொரு போத்தலையும் வைத்துக் கம்பளியால் மூடி, காலையும் மாலையும் சுடுநீரை மாற்றுங்கள். இப்படிச் செய்தால் ஒன்றரை, இரண்டு நாளில் ஆகிவிடும். எதுவும் செய்யாமல் அலுமாரிக்கு மேல் வைத்தால் மூன்று நான்கு நாளும் ஆகலாம். ருசியில் குறை இருக்காது.

எப்படி வைத்தாலும் முதல் நாளிலிருந்தே காலையும் மாலையும் போத்தலை அமுக்கிப் பாருங்கள். கடையில் வாங்கிய, திறக்காத சோடாப் போத்தலின் விறைப்பு வந்துவிட்டால் வேலை முடிந்தது. அந்த நிமிடமே குளிர்சாதனப் பெட்டிக்குள் போக வேண்டும். சிறிய போத்தலை முதலில் திறந்து பாருங்கள். பெரியதற்கு என்ன செய்வது என்று அது சொல்லிவிடும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத லயத்து வீடுகளில், விறைத்ததும் மூடியை மெல்லத் தளர்த்தி வாயுவை விட்டு, அன்றே குடித்துவிடுவது நல்லது.

இந்த நிலையில் லீட்டருக்குப் பத்துக் கிராம் அளவு சீனியை ஈஸ்ட் தின்றிருக்கும். அதில் ஏறத்தாழ பாதி வாயுவாகவும் பாதி மதுசாரமாகவும் மாறுகிறது. ஆகவே மதுசாரம் அரைச் சதவீதம் அளவில் இருக்கும். அறவே தொடாதவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் கொடுக்கும் முன் இதைச் சொல்லிவிடுங்கள். பெட்டிக்குள்ளும் நொதித்தல் மெதுவாக நடந்துகொண்டுதான் இருக்கும். ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள்.

அடியில் வெள்ளையாகப் படிந்திருப்பது ஈஸ்ட்தான். குலுக்காமல் ஊற்றினால் கோப்பைக்குள் வராது. மேலே பூஞ்சணம் கண்டாலோ கெட்ட வாடை வந்தாலோ ருசி பார்க்காமல் கொட்டிவிடுங்கள்.

பியர் ஆசை இன்னும் விடவில்லையா?

செய்முறையின் எலும்புக்கூடு ஒன்றுதான். சீனியின் இடத்தில் முளைகட்டி உலர்த்திய பார்லி. அதை 65 பாகை அளவுச் சுடுநீரில் ஒரு மணி நேரம் ஊற வைத்தால் மாச்சத்து சீனியாகும். இஞ்சியின் இடத்தில் கசப்புக்கு ஹொப்ஸ் பூ; கோடையில் நீண்ட பகல் கேட்கும் கொடி அது, நம் மலையில் சரிப்படாது. நைல் நதியின் ஊற்றைத் தேடிப் போன சாமுவேல் பேக்கர் 1840களின் இறுதியில் நுவரெலியாவில் குடியேறி, விவசாயத்தோடு பியரும் காய்ச்சினார். 1881 இல் சிலோன் புரூவரி என்ற பியர் ஆலையும் அதே ஊரில்தான் தொடங்கியது. நாம் கம்பளி போர்த்தி விரட்டுகிற குளிர், பியர் காய்ச்சுகிறவர்களுக்கு வரம். பியர் ஈஸ்டில் ஒரு வகைக்கு 20 பாகை போதும், லாகர் வகைக்குப் பத்துப் பன்னிரண்டு பாகைதான் வேண்டும். அனுமதிப்பத்திரம் கிடைக்கும் நாள்வரை, அடுத்த முறை சீனியில் பாதிக்குக் கித்துள் கருப்பட்டி போட்டுப் பாருங்கள். நிறம் தேயிலைச் சாயம் போல இறங்கும், காரம் சற்றே அடங்கும். கராம்பை மட்டும் ஒன்றாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.