1870க்கு முன்னாடி போகணும்னா எஜமான் வீட்டுப் பேப்பரைத்தான் படிக்கணும்

அமெரிக்காவுல கறுப்பினக் குடும்பத்தோட வம்சாவளியைத் தேடுறவங்க முக்காவாசிப் பேரு 1870ல வந்து முட்டிக்கிட்டு நிப்பாங்க. அடிமையா வச்சிருந்த ஜனங்க எல்லாரையும் பேரு போட்டு எழுதின முதல் ஃபெடரல் சென்சஸ் அதுதான். அதுக்கு முன்னாடி 1850, 1860 ரெண்டுலயும் அடிமைங்களுக்குன்னு தனி அட்டவணை எடுத்தாங்க, அதுல எஜமான் பேரு மட்டும் இருக்கும், அதுக்குக் கீழ வயசு, ஆணா பெண்ணா, கறுப்பா முலாட்டோவா (கறுப்பு வெள்ளை கலப்புன்னு அப்ப வச்ச பேரு), அவ்வளவுதான், பெத்தவ வச்ச பேரு ஒண்ணு கூட பெரும்பாலும் இருக்காது. நம்ம பிள்ளைங்க அங்க கல்யாணம் பண்ணி கறுப்பின சம்பந்தி வீடு அமைஞ்ச குடும்பங்கள் இப்ப நிறைய இருக்கு, பேரப்பிள்ளைக்கு ரெண்டு பக்கத்து வம்சத்தையும் எழுதி வைக்கணும்னு கேக்குறாங்க, அவங்களுக்காகத்தான் இதை எழுதுறேன்.

முதல்ல மனசுல ஒண்ணை வாங்கிக்கோங்க. அடிமையா இருந்தவங்களைப் பத்தின காகிதம் அவங்க வீட்டுல இருக்காது, அவங்களை சொத்தா வச்சிருந்தவன் வீட்டுலதான் இருக்கும். அதனால ஒரே நேரத்துல ரெண்டு குடும்பத்தோட வம்சத்தை எழுதணும், வெள்ளைக்காரக் குடும்பத்துல யார் செத்தாங்க, யாருக்குக் கல்யாணம் ஆச்சு, யார் கடன்ல மாட்டினாங்கன்னு பார்த்துக்கிட்டே வரணும், ஏன்னா அந்த மூணு நேரத்துலயும்தான் அடிமைக் குடும்பத்துல தாயையும் பிள்ளையையும் பிரிச்சாங்க, அந்த மூணு நேரத்துலயும்தான் கோர்ட்ல பேப்பர் எழுதினாங்க.

ஆரம்பிக்கிறது எப்பவும் இப்ப உயிரோட இருக்கிற பெரியவங்ககிட்ட இருந்துதான். பாட்டி, பெரியப்பா யாரா இருந்தாலும் உக்கார வச்சுப் பேசி ரெக்கார்ட் பண்ணிடுங்க, எந்த கவுண்டி (நம்ம ஊரு மாவட்டம் மாதிரி), எந்த சர்ச், எந்த கல்லறைன்னு கேளுங்க, "எங்க தாத்தாவோட அப்பா வெள்ளைக்காரன்"னு சொன்னா அதை வெறும் கதைன்னு தள்ளாம அப்படியே எழுதி வைங்க. அப்புறம் 1950 சென்சஸ்ல இருந்து பத்துப் பத்து வருஷமா பின்னாடி போங்க. 1890 சென்சஸ் பெரும்பகுதி 1921ல வாஷிங்டன்ல நடந்த தீ விபத்தோட போயிடுச்சு, அதனால அந்த இடைவெளியை கல்யாணப் பதிவு, வரிப் பட்டியல் வச்சு நிரப்பணும். நிறம் எழுதியிருக்கிற கட்டத்தை ரொம்ப நம்பாதீங்க, 1900ல முலாட்டோங்கிற பிரிவே கிடையாது, 1910லயும் 1920லயும் திரும்ப வந்துச்சு, 1930ல மறுபடி எடுத்துட்டாங்க, ஒரே ஆளு ஒவ்வொரு சென்சஸ்லயும் வேற வேற நிறமா இருப்பாரு.

1870 பக்கத்துக்கு வந்ததும் அவசரப்படாதீங்க. உங்க ஆளோட வரியை மட்டும் பார்க்காம முன்னாடி பின்னாடி நாலஞ்சு பக்கம் படிங்க. அந்த சென்சஸ்ல நிலத்தோட மதிப்பும் மத்த சொத்தோட மதிப்பும் எழுதியிருப்பாங்க, பக்கத்துல பெரிய நிலத்தோட இருக்கிற வெள்ளைக்காரக் குடும்பங்களைத் தனியா குறிச்சுக்கோங்க, விடுதலை ஆனதும் நிறைய பேரு அதே இடத்துலயோ அடுத்த தோட்டத்துலயோதான் கூலிக்கு இருந்தாங்க. குடும்பப் பேரு ஒண்ணா இருந்தா அதுதான் எஜமான்னு முடிவு பண்ணிடாதீங்க, சிலர் கடைசி எஜமான் பேரை எடுத்துக்கல, ரெண்டு தலைமுறைக்கு முன்னாடி இருந்தவன் பேரையோ சொந்தமா ஒண்ணையோ வச்சுக்கிட்டாங்க. அந்தக் குடும்பங்களை 1860 அடிமை அட்டவணையில தேடி, உங்க ஆளுங்களோட வயசுல பத்தைக் கழிச்சு ஒத்துப் பாருங்க. ஒத்து வந்தா அது ஒரு துப்பு மட்டும்தான், ஆதாரம் இல்ல.

ஆதாரம் கிடைக்க வாய்ப்பு உள்ள முதல் இடம் ஃப்ரீட்மென்ஸ் பீரோ, விடுதலை ஆனவங்களுக்கு உதவ அரசாங்கம் வச்ச அலுவலகம். 1865ல ஆரம்பிச்சு 1872 வரைக்கும் இருந்துச்சு, கூலி ஒப்பந்தம், கல்யாணப் பதிவு, ரேஷன் பட்டியல்னு எல்லாம் இருக்கு, ஃபேமிலிசர்ச் தளத்துல இலவசமா தேடலாம். விடுதலை ஆனவங்களுக்கான ஃப்ரீட்மேன்ஸ் பேங்க்னு இன்னொண்ணு, 1865ல இருந்து 1874 வரைக்கும். அதுல கணக்கு ஆரம்பிச்சவங்களோட ஃபாரத்துல, முக்கியமா ஆரம்ப வருஷ ஃபாரத்துல, பழைய எஜமான் பேரு, தோட்டம், அப்பா அம்மா, கூடப் பிறந்தவங்க வரைக்கும் கேட்டிருப்பாங்க, வித்துட்டதுனால எங்க இருக்காங்கன்னே தெரியாத தம்பி பேரைக் கூட சிலர் சொல்லியிருப்பாங்க, படிக்கும்போது தொண்டையை அடைக்கும். உள்நாட்டுப் போர்ல கறுப்பினப் படையில சுமார் 1,79,000 பேரு இருந்தாங்க, உங்க ஆளு அதுல இருந்திருந்தா நேஷனல் ஆர்கைவ்ஸ்ல பென்ஷன் ஃபைலைக் கண்டிப்பா எடுங்க, விதவைங்க "நாங்க இன்னார் தோட்டத்துல இருந்தப்ப கல்யாணம் ஆச்சு"ன்னு சாட்சி சொல்லியிருப்பாங்க. வர்ஜீனியான்னா 1866ல எடுத்த சேர்ந்து வாழ்றவங்க பதிவேடு சில கவுண்டிகளுக்கு இருக்கு, கணவன், மனைவி, பிள்ளைங்க, கடைசி எஜமான் எல்லாமே ஒரே வரியில வந்துடும்.

எஜமான் பேரு உறுதியானதும் கவுண்டி கோர்ட் பக்கம் போங்க, வேலை அங்கதான் ஆரம்பிக்குது. உயில், செத்தவனோட சொத்துப் பட்டியல், பாகப்பிரிவினை, கிரயப் பத்திரம், அடமானப் பத்திரம், அஞ்சும் வேணும். சொத்துப் பட்டியல்ல மாடு, கலப்பை, கட்டில்னு வரிசையா வந்துட்டு நடுவுல மனுஷங்க பேரும் டாலர் விலையும் வரும், சின்னக் குழந்தையை தாயோட சேர்த்து எழுதியிருப்பாங்க, அந்த வரிசைதான் பல குடும்பத்துக்கு தாய் யாருன்னு சொல்ற ஒரே எழுத்து. அடமானத்தை பலபேரு விட்டுடறாங்க, விடாதீங்க, தோட்டக்காரன் கடன் வாங்கினப்ப நிலத்தோட மனுஷங்களையும் பேரு போட்டுத்தான் ஈடு வச்சான்.

வீட்டு எஜமானியோட பிறந்த வீட்டையும் தேடுங்க. பொண்ணுக்கு சீதனமாவும் பரம்பரைச் சொத்தாவும் அடிமைங்களைக் கொடுத்தாங்க, பேப்பர்ல அது மாப்பிள்ளை பேருல ஏறிடும். அமெரிக்க ஜனாதிபதியா இருந்த தாமஸ் ஜெஃபர்சன் குடும்பத்தையே பாருங்க. மாமனார் ஜான் வேல்ஸ் 1773ல செத்தாரு, மனைவி மார்த்தா வழியா 135 பேரு ஜெஃபர்சன் கைக்கு வந்தாங்க, அதுல ஹெமிங்ஸ் குடும்பமும் ஒண்ணு. அந்தக் குடும்பத்துல இருந்த சாலி ஹெமிங்ஸுக்கும் அப்பா அதே ஜான் வேல்ஸ்தான், அதாவது மார்த்தாவுக்கு அப்பா வழித் தங்கச்சி. ஜெஃபர்சனோட பேப்பரை மட்டும் படிச்சா இவங்க எங்க இருந்து வந்தாங்கன்னே புரியாது, வேல்ஸ் வீட்டுல இருந்து படிக்கணும்.

அப்பா யாருங்கிற கேள்வி வரும்போது ரொம்ப நிதானமா போகணும். 1662ல வர்ஜீனியாவுல போட்ட சட்டப்படி பிள்ளையோட நிலை தாயைப் பொறுத்தது, அதனால எஜமான் தன் பிள்ளையையே சொத்தா எழுத முடிஞ்சது, அப்பா பேரு எழுத யாருக்கும் அவசியமே வரல. டிஎன்ஏ டெஸ்ட் எடுத்து வெள்ளைக்கார சொந்தங்க நிறைய பேரு காட்டினா, அவங்களுக்குள்ள ஒருத்தருக்கொருத்தர் பொதுவா வர்றவங்களைக் கூட்டமா பிரிச்சு, அவங்க வம்சத்தையும் நீங்களே எழுதி, எல்லாரும் எந்த மூதாதைகிட்ட சேர்றாங்கன்னு பாருங்க. ஆனா எஜமான், அவன் தம்பி, மகன், மருமகன், மேஸ்திரி எல்லாருமே அந்தத் தோட்டத்துல இருந்தவங்க, டிஎன்ஏ மட்டும் வச்சு அதுல ஒருத்தனைக் கைகாட்ட முடியாது. சாலி ஹெமிங்ஸோட பிள்ளைங்களுக்கு அப்பா ஜெஃபர்சனாங்கிற கேள்வியில 1998ல ஜெஃபர்சனோட சித்தப்பா பெரியப்பா வழி ஆண் வாரிசுங்க ரத்தத்தை எடுத்து சாலியோட கடைசி மகன் எஸ்டனோட ஆண் வாரிசோட ஒப்பிட்டாங்க, ஒத்துப் போச்சு, ஆனா அது ஜெஃபர்சன் குடும்பத்து ஆம்பளைன்னு மட்டும்தான் சொல்லுச்சு. ஒவ்வொரு பிள்ளையும் கருவான சமயத்துல ஜெஃபர்சன் தன் தோட்டமான மான்டிசெல்லோவுல இருந்தாருங்கிற தேதிக் கணக்கு, இன்னொரு மகன் மேடிசன் 1873ல ஒஹையோ பத்திரிகைக்கு சொன்ன வாழ்க்கை வரலாறு, எல்லாத்தையும் சேர்த்து வச்சுத்தான் மான்டிசெல்லோவை நடத்துற அறக்கட்டளை 2000ல, அப்பா பெரும்பாலும் ஜெஃபர்சன்தான்ங்கிற முடிவுக்கு வந்துச்சு. 1870 சென்சஸ் எடுத்தவர் மேடிசன் பேருக்குப் பக்கத்துலயே இவர் தாமஸ் ஜெஃபர்சனோட மகன்னு எழுதி வச்சிருந்தாரு. எஸ்டனோ விஸ்கான்சின் போய் ஜெஃபர்சன்னு பேரை மாத்தி வெள்ளைக்காரரா வாழ்ந்தாரு. அதனால ஒரு அண்ணன் தம்பி வம்சத்துல ஒரு பக்கம் சென்சஸ்ல திடீர்னு காணாமப் போனா, வேற மாநிலத்துல வெள்ளைன்னு போட்டு இருக்கான்னு தேடிப் பாருங்க.

வம்சாவளி சாஃப்ட்வேர்ல அடிமையா இருந்த பெண்ணை எஜமானோட மனைவின்னு தயவுசெஞ்சு போடாதீங்க. முடியாதுன்னு சொல்ற உரிமையை சட்டமே அவளுக்குக் கொடுக்கல. பிள்ளையோட அப்பான்னு மட்டும் போடுங்க, அடிமையா வச்சிருந்தவன்ங்கிறதையும் சேர்த்து எழுதுங்க. ஒரு உயில்ல பத்து அடிமைங்க பேரு இருந்தா அந்தப் பத்து பேரோட பக்கத்துலயும் அதே உயிலை இணைங்க, எஜமான் பக்கத்துல மட்டும் வச்சா அடுத்து தேடுறவங்களுக்கு அது கண்ணுல படவே படாது.

வெள்ளைக்கார சொந்தத்துக்கு எழுதணும்னா முதல் மெசேஜ்லயே குற்றச்சாட்டு வேண்டாம், மழுப்பலும் வேண்டாம். டிஎன்ஏல வந்த தொடர்பு, கவுண்டி, வருஷம், உங்க கையில இருக்கிற பத்திரம், இது நாலையும் சொல்லி, உங்க வீட்டுல பழைய கணக்குப் புத்தகமோ பைபிள்ல எழுதின பிறப்புப் பதிவோ இருக்கான்னு நேரா கேளுங்க. பதில் வராமப் போகலாம். ஆனா சார்லஸ்டன்ல ஹென்றி கிரிம்கேவுக்கும் அவர் அடிமையா வச்சிருந்த நான்சி வெஸ்டனுக்கும் பிறந்த பசங்க லிங்கன் யூனிவர்சிட்டியில படிக்கிறப்ப, 1868ல ஹென்றியோட தங்கச்சி ஏஞ்சலினா பத்திரிகையில அந்தக் குடும்பப் பேரைப் பார்த்துட்டு தானே கடிதம் எழுதி விசாரிச்சு, அண்ணன் பிள்ளைங்கன்னு தெரிஞ்சதும் வெளிப்படையா ஏத்துக்கிட்டு படிப்புக்கும் உதவினாங்க, அதுல ஆர்ச்சிபால்ட் 1874ல ஹார்வர்ட்ல சட்டம் முடிச்சாரு. அந்தக் காலத்துலயே ஒருத்தங்க அதைச் செஞ்சிருக்காங்க, இப்ப கேக்குறதுல தயங்க ஒண்ணுமில்ல.

எஜமான் குடும்பத்து வாரிசு யாராவது இதைப் படிச்சா, இல்ல உங்க மருமகனோ மருமகளோ அந்தப் பக்கத்து ஆளா இருந்தா, பரண்ல கிடக்கிற தோட்டக் கணக்கைக் கிழிக்காம, வெட்கமா இருக்குன்னு அந்தப் பக்கங்களை மட்டும் ஒதுக்காம, முதல் அட்டையில இருந்து கடைசி அட்டை வரைக்கும் ஸ்கேன் பண்ணி மாநில ஆவணக் காப்பகத்துக்கு ஒரு பிரதி கொடுங்க, பேருங்களை எழுத்துப் பிழையோட எப்படி இருக்கோ அப்படியே டைப் பண்ணி ஆன்லைன்ல போடுங்க.