பழைய மாலுமிப் பையன் புகைப்படங்களின் காலத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

முதலில் முகத்தைவிடத் தொப்பி நாடாவைப் பாருங்கள். 1200 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து, நாடாப் பகுதியில் மட்டும் வெளிச்சத்தைக் கூட்டினால் கப்பல் பெயர் பெரும்பாலும் துலங்கும். எழுத்துகள் இடவலம் மாறியிருந்தால் அது தகரத் தகட்டுப் படமாக (டின்டைப், அதாவது மெல்லிய உலோகத் தகட்டில் நேரடியாக எடுத்த படம்) இருக்கலாம். கணினியில் திருப்பிப் படியுங்கள்.

பெயர் ‘கேஞ்சஸ்’ என்றால், படம் ஒட்டிய அட்டையில் அச்சான ஸ்டுடியோவின் ஊர்தான் அருமையான துப்பு. பிரிட்டிஷ் கடற்படையின் அந்தப் பயிற்சிக் கப்பல் 1899 வரை இங்கிலாந்தின் ஃபால்மத் துறைமுகத்தில் நின்றது. பிறகு ஹார்விச் துறைமுகத்துக்குப் போனது. ஃபால்மத் ஸ்டுடியோ என்றால் படம் பெரும்பாலும் அதற்கு முந்தியது. பிரிட்டிஷ் போர்க்கப்பல் பெயர்களுக்கு முன்னால் வரும் ‘ஹெச்.எம்.எஸ்.’ மட்டும் இருந்தால் இரண்டாம் உலகப் போர்க்காலமா என்று பாருங்கள். அப்போது ரகசியம் காக்கப் பெயரை விட்டுவிட்டார்கள்.

ஈரத்துணி படவே கூடாது, படத்தின் மேலுள்ள ஆல்புமென் (முட்டை வெள்ளைக்கரு) படலம் ஊறி விரிசல் விடும். பின்பக்கப் பென்சில் எழுத்தையும் அழிக்காதீர்கள். பையனின் பெயர் அங்கு மட்டுமே இருக்கக்கூடும்.