அக்டோபர் விடியலில் பேஸ்பால்: பிளேஆஃப் நாட்களைச் சென்னையிலிருந்து தாங்கும் வழி

சென்னையில் பேஸ்பால் பார்ப்பவர்களில் பலர், ஆட்டத்தின் மீதுள்ள ஆசையால் அன்றி, உறவின் வழியாகவே அதற்குள் வந்தவர்கள். என் அக்கா டொராண்டோவின் ஸ்கார்பரோவில் குடியேறிய பிறகு, அந்நகரின் புளூ ஜேஸ் அணி எங்கள் மயிலாப்பூர் வீட்டிற்கும் உரிய அணியாகிவிட்டது. 162 ஆட்டங்கள் கொண்ட நீண்ட பருவத்தில் ஒரு தோல்வியை மறுநாள் ஆட்டம் ஆற்றிவிடும். பருவம் முடிந்ததும் கோப்பைக்காக நடக்கும் வெளியேற்றச் சுற்றுகளான பிளேஆஃபில் அந்த ஆறுதல் கிடையாது. நம்பிக்கையையும் ஏமாற்றத்தையும் சுமக்க அங்கே தனிப் பயிற்சி வேண்டும். நான் கற்ற அளவில் அதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள். அக்டோபர் மாதம் முழுவதும் டொராண்டோ, நியூயார்க் நேரம் நம்மைவிட ஒன்பதரை மணி நேரம் பின்தங்கியது. அங்கே இரவு எட்டு மணிக்குத் தொடங்கும் ஆட்டம், இங்கே பால் பாக்கெட் வாசலுக்கு வரும் ஐந்தரை மணிக்குத் தொடங்கும். தொடக்கச் சுற்றுகளின் பகல் ஆட்டங்கள் நமக்கு நள்ளிரவை ஒட்டியோ அதைத் தாண்டியோ அமையும். அவை எல்லாவற்றையும் விழித்திருந்து பார்க்க முயன்றால், நம் அணி ஆடும் நாளில் கண் சொருகிவிடும். உங்கள் அணியின் ஆட்டத்திற்கு மட்டும் உறக்கத்தைக் கொடுங்கள்.

அடுத்து, போட்டியின் அமைப்பை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். 2022 முதல் பன்னிரண்டு அணிகள், அமெரிக்கன், நேஷனல் என்னும் இரு பிரிவு லீக்குகளில் ஒவ்வொன்றிற்கும் ஆறு வீதம், பிளேஆஃபிற்குத் தகுதி பெறுகின்றன. வைல்ட் கார்டு சுற்றில் மூன்றில் இரண்டு, டிவிஷன் சீரிஸில் ஐந்தில் மூன்று, லீக் சாம்பியன்ஷிப்பிலும், இரு லீக் சாம்பியன்களும் மோதும் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸிலும் ஏழில் நான்கு வெற்றிகள் தேவை. ஒவ்வொரு லீக்கிலும் முதல் இரண்டு இடம் பெற்ற அணிகள் வைல்ட் கார்டு சுற்றை ஆடாமலே கடந்துவிடும். ஐபிஎல் பார்த்துப் பழகிய நமக்கு இங்கே ஒரு தடுமாற்றம் வரும். ஐபிஎல்லில் முதல் இரண்டு அணிகளுக்குத் தோற்றாலும் இன்னொரு வாய்ப்பு உண்டு. 2019-இல் சென்னை சூப்பர் கிங்ஸ் முதல் குவாலிஃபயரில் மும்பையிடம் தோற்றும் இறுதிப் போட்டிக்கு வந்தது அப்படித்தான். பேஸ்பாலில் ஒரு தொடரைத் தோற்ற அணி, எத்தனை உயர்ந்த இடத்தில் இருந்தாலும், வீட்டிற்குப் போக வேண்டியதுதான்.

இந்த அமைப்பு நம்பிக்கையின் அளவை எப்படித் தீர்மானிக்கிறது என்பதில்தான் பெரும்பாலான ரசிகர்கள் தவறுகிறார்கள். எனவே இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். உங்கள் அணி எதிரணியைவிடத் தெளிவாக நல்ல அணி என்றும், ஒவ்வொரு ஆட்டத்தையும் வெல்ல அதற்கு 55 விழுக்காடு வாய்ப்பு உள்ளது என்றும் வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டால், ஐந்து ஆட்டத் தொடரை அது வெல்லும் வாய்ப்பு ஏறக்குறைய 59 விழுக்காடு, ஏழு ஆட்டத் தொடரை வெல்லும் வாய்ப்பு ஏறக்குறைய 61 விழுக்காடு. வைல்ட் கார்டு சுற்றை ஆடாமல் கடந்த அணி, ஓர் ஐந்து ஆட்டத் தொடரையும் இரண்டு ஏழு ஆட்டத் தொடர்களையும் அடுத்தடுத்து வென்று கோப்பையைத் தொடும் வாய்ப்பு, மூன்றையும் பெருக்கினால், 22 விழுக்காடுதான். எல்லாத் தொடரிலும் மேலான அணியாகவே இருந்தாலும், ஐந்து ஆண்டுகளில் நான்கில் ஏமாற்றமே மிஞ்சும். 2001-இல் 116 ஆட்டங்களை வென்ற சியாட்டில் மரினர்ஸ் வேர்ல்ட் சீரிஸை எட்டவில்லை. 2022-இல் 111 வெற்றி பெற்ற லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ், 89 வெற்றி மட்டுமே பெற்ற சான் டியாகோவிடம் முதல் தொடரிலேயே வீழ்ந்தது. மறுபக்கம், 2019-இல் முதல் ஐம்பது ஆட்டங்களில் 31-ஐத் தோற்ற வாஷிங்டன் நேஷனல்ஸ் கோப்பையையே வென்றது. ஆகவே அணி தேர்ந்தால் "இந்த வருடம் நமக்குத்தான்" என்றும், ஓர் ஆட்டம் தோற்றால் "எல்லாம் முடிந்தது" என்றும் சொல்லாதீர்கள். 2004-இல் பாஸ்டன் ரெட் சாக்ஸ் நியூயார்க் யாங்கீஸிடம் முதல் மூன்று ஆட்டங்களைத் தோற்று, பின் நான்கையும் வென்று, வேர்ல்ட் சீரிஸையும் வென்று, கோப்பைக்கான 86 ஆண்டு காத்திருப்பை முடித்தது.

ஆட்டத்தின் நடுவே செய்ய வேண்டியது ஒன்றே: அவுட்டுகளை எண்ணுங்கள். ஓர் ஆட்டத்திற்கு ஒன்பது இன்னிங்ஸ், ஒவ்வொன்றிலும் ஓர் அணிக்கு மூன்று அவுட். கிரிக்கெட்டில் பந்துகள் தீர்ந்தால் ஆட்டம் தீர்ந்துவிடும். பேஸ்பாலில் கடைசி அவுட்டை எடுக்காமல் எந்த முன்னிலையும் வெற்றியாகாது. 2011 வேர்ல்ட் சீரிஸின் ஆறாவது ஆட்டத்தில் டெக்சஸ் ரேஞ்சர்ஸ் இரண்டு முறை கோப்பைக்கு ஒரே ஒரு ஸ்ட்ரைக் (மூன்று சேர்ந்தால் ஓர் அவுட்) தூரத்தில் நின்று, இரண்டு முறையும் அதைத் தவறவிட்டது. எங்கள் வீட்டின் காயம் 2025-க்கு உரியது. தீபாவளிக்கு மறுநாள் விடியலில் தொடங்கிய ஆட்டத்தில், ஜார்ஜ் ஸ்பிரிங்கர் ஏழாவது இன்னிங்ஸில் அடித்த மூன்று ரன் ஹோம் ரன் (நம் சிக்ஸர் போன்ற அடி) சியாட்டிலை வீழ்த்தியது. 1993-க்குப் பிறகு முதன்முறையாக புளூ ஜேஸ் வேர்ல்ட் சீரிஸுக்குள் நுழைந்தது. பின்னர் அக்டோபர் 28 காலை ஐந்தரை மணியளவில் தொடங்கிய மூன்றாவது ஆட்டம் பதினெட்டு இன்னிங்ஸ் நீண்டு, இங்கே நண்பகல் கடந்து டாட்ஜர்ஸ் வெற்றியில் முடிந்தது. நவம்பர் 2 ஞாயிறு காலை ஏழாவது ஆட்டத்தில், கோப்பைக்கு இன்னும் இரண்டே அவுட் இருந்தபோது, ஹோம் ரன்னுக்குப் பெயர்போனவர் அல்லாத மிகெல் ரோஹாஸ் பந்தை வேலிக்கு அப்பால் அனுப்பி ஆட்டத்தைச் சமனாக்கினார். பதினொன்றாவது இன்னிங்ஸில் 5-4 என்று தோற்றோம். அந்த இரண்டு அவுட்டுகளை நான் முன்கூட்டியே எண்ணி முடித்திருந்தேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

பழி சுமத்துவதற்கும் ஒரு முறை உண்டு. விளைவை வைத்து முடிவெடுத்தவரை மதிப்பிடக் கூடாது. முடிவெடுத்த கணத்தில் அவருக்குத் தெரிந்தவற்றை வைத்தே மதிப்பிட வேண்டும். 2023 வைல்ட் கார்டு சுற்றில், மினசோட்டாவுக்கு எதிராக நன்றாக வீசிக்கொண்டிருந்த எங்கள் பிட்சர் (பந்து வீசுபவர்) ஹோசே பெரியோஸை நான்காவது இன்னிங்ஸிலேயே வெளியேற்றி, எதிரணியின் இடதுகை பேட்டர்களைக் கணக்கில் கொண்டு யூசே கிகுச்சியை இறக்கினார்கள் புளூ ஜேஸ் நிர்வாகத்தினர். ஆட்டம் 2-0 என்று தோற்றது, தொடரும் முடிந்தது. அக்கா அன்று கொதித்ததில் நியாயம் இருந்தது, ஏனெனில் கண்முன் நடந்ததைவிட முன்பே வகுத்த திட்டத்தை நம்பினார்கள். ஆயினும் தன் அணி ஒரு ரன்கூட எடுக்காத நாளில் பிட்சர் மாற்றத்தை மட்டும் குற்றம் சொல்வது முழு உண்மையாகாது. ஒரு பிட்சரை மூன்றாம் முறை எதிர்கொள்ளும் பேட்டர்கள் கூடுதலாக அடிப்பது பல்லாண்டுப் பதிவுகளில் தெரிவதால், அவரைச் சீக்கிரம் எடுப்பது பொதுவாக அறிவார்ந்த செயலே. இதைப் புரிந்துகொண்டால் கோபத்தில் பாதி தணியும். மீதிப் பாதியை வைத்துக்கொள்ளுங்கள், அது ரசிகரின் உரிமை.

இடத்தை விட்டு எழுந்தால் அவுட் விழும் என்னும் நம்பிக்கை சேப்பாக்கத்தில் இருப்பது போலவே இங்கும் இருக்கலாம். வீட்டாரைக் கட்டாயப்படுத்தாதவரை அதில் தீங்கில்லை. இணைய ஒளிபரப்பு நேரலைக்குப் பின்தங்கியே வரும். ஆகையால் அங்கிருக்கும் உறவினரிடம், இன்னிங்ஸ் முடியும்வரை செய்தி அனுப்ப வேண்டாம் என்று முன்னதாகவே சொல்லிவிடுங்கள்.

தோற்ற பிறகு அழைக்கும்போது, "விளையாட்டுதானே, விடு" என்று சொல்லாதீர்கள். 2025-இன் ஏழாவது ஆட்டம் முடிந்து நான் அழைத்தபோது அங்கே நள்ளிரவு தாண்டியிருந்தது. அக்கா ஏதும் பேசவில்லை, அவள் மகன் பக்கத்தில் அழும் சத்தம் கேட்டது. எந்தப் பந்து, எந்த ஓட்டம் என்று அவர்களே தொடங்கும்வரை காத்திருந்து, தொடங்கியதும் கூடவே பேசுங்கள். ஒன்பதாவது இன்னிங்ஸின் கடைசிப் பாதியை ஒரு வாரம் கழித்து மீண்டும் பாருங்கள். வெற்றிக்கு எவ்வளவு அருகில் இருந்தார்கள் என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். பிப்ரவரி நடுவில் பிட்சர்களும், அவர்கள் வீசுவதைப் பிடிக்கும் கேட்சர்களும் பயிற்சி முகாமுக்குத் திரும்புகிறார்கள், மார்ச் இறுதியில் ஆட்டங்கள் தொடங்குகின்றன.

அந்த ஆட்டம் முடிந்த சில மணி நேரத்தில் கனடாவில் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னுக்கு வைக்கப்பட்டது. குளிர்காலம் முழுவதும் நமக்கும் டொராண்டோவுக்கும் பத்தரை மணி நேர இடைவெளி. மார்ச்சில் அது மீண்டும் ஒன்பதரை ஆகும். அக்காவை அழைக்கும் நேரத்தை அதற்கேற்ப மாற்றி எழுதி, தொலைபேசிக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறேன்.