கார்ட் வளைவில் திரும்ப மறுக்கிறதா? முன் ஸ்பிண்டில் கோணங்களை இப்படிச் சரிபாருங்கள்

கோ-கார்ட் என்கிற குட்டி ரேஸ் வண்டிக்கு ஸ்பிண்டில் (முன்சக்கரம் சுற்றும் குட்டை அச்சு) கடைய, ஓசூர் சிப்காட் பக்கம் லேத் பட்டறைகளுக்கு வரும் கல்லூரிப் பையன்களை நிறையப் பார்க்கிறேன். தருமபுரி, கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை என்று பல ஊர்களில் இருந்தும் வருவார்கள். பேரிங் பிட்டிங் முதற்கொண்டு சுத்தமாக வேலை வாங்குவார்கள். பத்து நாள் கழித்து போன் வரும்: "அண்ணா, ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடிச்சாலும் வண்டி நேராவே போகுது."

முன் டயரை மாற்றியிருப்பார்கள், காற்றைக் குறைத்திருப்பார்கள். ஆனால் பெரும்பாலும் திரும்பவிடாமல் பிடித்து வைப்பது பின்சக்கரம்தான். அதைத் தரையிலிருந்து விடுவிக்கிற வேலை முன் ஸ்பிண்டிலின் சாய்வுக்கு உரியது. கார்ட் கட்டுகிறவர்கள் முதலில் மனதில் வாங்க வேண்டியது இதைத்தான்.

மாட்டு வண்டியில் அச்சு சுற்றாது. சக்கரங்கள் மட்டும் தனித்தனியாகச் சுற்றும், கழன்று போகாமல் கடையாணி பார்த்துக்கொள்ளும். தொப்பூர் கணவாயில் வளைந்து இறங்கும் லாரிக்கு டிஃபரன்ஷியல் இருக்கிறது. இரண்டிலுமே வளைவின் உள்சக்கரம் மெதுவாகவும் வெளிச்சக்கரம் வேகமாகவும் உருள முடியும். கார்ட்டில் அந்த வசதி கிடையாது. பின்பக்கம் ஒரே அச்சு, இரண்டு சக்கரமும் அதில் இறுகப் பூட்டியவை. இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றியே ஆக வேண்டும் என்பதால் வண்டி நேராக ஓடவே பார்க்கும். வளைவில் உள்பக்கப் பின்சக்கரம் ஒரு நூலளவு தூக்கினால்தான் கார்ட் திரும்பும்.

முதல் வேலை: கண்ணால் பாருங்கள்

வீட்டில் எடை பார்க்கும் மெஷின் இரண்டை வாங்கி, பின்சக்கரங்களுக்கு அடியில் ஒவ்வொன்றாக வையுங்கள். முன்சக்கரங்களுக்கு அடியில் அதே உயரத்துக்குப் பலகை கொடுங்கள். பலகைமேல் இரண்டு பாலித்தீன் தாள், நடுவில் கொஞ்சம் கிரீஸ். இல்லாவிட்டால் டயர் பலகையைப் பிடித்துக்கொள்ளும், கணக்கு தப்பாக வரும். ஓட்டுபவரை சீட்டில் உட்கார வையுங்கள்.

இப்போது ஸ்டியரிங்கை மெதுவாக இடப்பக்கம் திருப்புங்கள். இடது பின்சக்கரத்தின் எடை குறையும், வலது பின்சக்கரத்தில் ஏறும். முன்பக்கம் குனிந்து பார்த்தால் காரணம் தெரியும். இடது முன்சக்கரம் கீழே அழுத்துகிறது, வலது முன்சக்கரம் மேலே ஏறுகிறது. நான்கு கால் நாற்காலியின் ஒரு காலுக்கு அடியில் அட்டை வைத்தால் ஆடுமே, அதே கதை. சேஸிஸின் பாரம் இடது முன், வலது பின் என்று மூலைக்கு மூலை போய்விடுகிறது. ஓடும்போது வளைவின் விசையும் சேர்ந்துகொள்ள, உள்பக்கப் பின்சக்கரம் தூக்கிவிடும்.

கேஸ்டர்: இங்கேதான் நேரம் செலவிட வேண்டும்

பக்கவாட்டில் நின்று கிங்பின்னைப் பாருங்கள். ஸ்பிண்டில் இடம் வலம் திரும்புவது இந்த போல்ட்டைச் சுற்றித்தான். அதன் மேல்முனை பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். சைக்கிள் போர்க் சாய்ந்திருப்பது போலத்தான். இந்தச் சாய்வுதான் கேஸ்டர். கார்ட்டில் இது 10 டிகிரிக்கு மேல் இருப்பது சாதாரணம். முன்சக்கரத்தைக் கீழே அழுத்தும் வேலையைப் பெரும்பாலும் செய்வது இதுதான்.

அளப்பதற்கு மொபைலில் கோணம் காட்டும் ஆப் போதும். முதலில் தரையில் வைத்துப் பூஜ்யம் செய்துகொள்ளுங்கள். பிறகு ஸ்டியரிங்கை நேராக வைத்து, கிங்பின் போல்ட்டோடு ஒட்டி அளவெடுங்கள். இரண்டு பக்கமும் ஒன்றாக இருப்பது டிகிரி எவ்வளவு என்பதைவிட முக்கியம். என் முதல் சேஸிஸில், கிங்பின்னைப் பிடிக்கும் சி-பிராக்கெட்டின் ஒரு பக்கத்தை ஒரே மூச்சில் முழுதாக வெல்டு அடித்துவிட்டேன். சூட்டில் இழுத்து, இரண்டு பக்கத்துக்கும் 2 டிகிரி வித்தியாசம் வந்தது. நேர்ப்பாதையிலேயே கேஸ்டர் குறைந்த பக்கமாக வண்டி இழுத்தது. அறுத்துத் திரும்பப் போட்டேன். நீங்கள் ஜிக்கில் (அளவு மாறாமல் பிடித்து வைக்கும் சட்டம்) போல்ட்டைப் பூட்டி, நான்கு இடத்தில் டாக் (சின்னப் புள்ளி வெல்டு) வைத்து, பக்கம் மாற்றி மாற்றி வெல்டு அடியுங்கள்.

கடையில் வாங்கிய சேஸிஸ் என்றால் கிங்பின்னின் மேலும் கீழும் மையம் விலகிய புஷ் இருக்கும். அதைத் திருப்பி கேஸ்டரைக் கூட்டலாம், குறைக்கலாம். வளைவுக்குள் நுழையும்போது முன்பக்கம் நேராக ஓடினால் கொஞ்சம் கூட்டுங்கள். பின்பக்கம் வீசினாலோ, வளைவில் வண்டி குதித்தாலோ, நான்கைந்து சுற்றிலேயே கை வலித்தாலோ குறைத்துப் பாருங்கள். ஒரேயடியாகத் தூக்கினால் வெளிப்பக்கப் பின்டயர் ஒன்றே மொத்தச் சுமையையும் தாங்கி, வழுக்கிச் சூடாகிவிடும்.

மழையில் பிடிமானம் குறைவு. வளைவின் விசை சக்கரத்தைத் தூக்கப் போதாது. அதனால் கேஸ்டரை நன்றாகக் கூட்டி, முன் அகலத்தையும் விரிப்பார்கள். ஏப்ரல் வெயிலில், டயர் ரப்பர் ஒட்டிக் கறுத்துப்போன ட்ராக்கில், இதற்கு நேர்மாறு.

புஷ் இல்லாதவர்களுக்கு

கையால் கட்டிய சேஸிஸில் கேஸ்டர் வெல்டோடு நின்றுவிடும். கவலை வேண்டாம், முன் ஹப்புக்கு உள்பக்கமாக ஸ்பிண்டிலில் வாஷர் சேர்த்து இரண்டு பக்கமும் 5 மி.மீ. வெளியே தள்ளுங்கள். கிங்பின்னில் இருந்து டயர் தள்ளிப் போவதால் நெம்புகோல் நீண்டு, தூக்கல் கூடும். ஸ்டியரிங் கனக்கும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். ஹப் நட் முழுத் திரெட்டும் பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டே ஓட்டுங்கள்.

முன்னால் நின்று பார்த்தால் கிங்பின் உள்நோக்கியும் சாய்ந்திருக்கும். எந்தப் பக்கம் திருப்பினாலும் முன்பக்கத்தைச் சற்றே உயர்த்தி, ஸ்டியரிங்கை நடுவுக்குக் கொண்டுவர உதவும் கோணம் அது. வடிவமைப்பிலேயே முடிவாகிவிடுவதால் கை வைக்காதீர்கள்.

கேம்பர், டோ

முன்னால் நின்று பார்க்கும்போது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருப்பது கேம்பர். மேலிருந்து பார்க்கும்போது இரண்டு முன்சக்கரமும் முன்னால் விரிந்தோ குவிந்தோ நிற்பது டோ. இந்த இரண்டையும் ஆள் உட்கார்ந்த பிறகே அளக்க வேண்டும். எடை ஏறியதும் சேஸிஸ் நடுவில் தொய்ந்து, முன்சக்கரங்களின் மேல்பக்கம் உள்ளே சாயும். காலி வண்டியில் எடுத்த அளவு செல்லாது. கேம்பருக்கு ரிம் ஓரமாகத் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, மேலும் கீழும் இடைவெளியை அளந்தால் போதும். 5 அங்குல ரிம்மில் 1 டிகிரி என்பது 2 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல். பூஜ்யத்தில் ஆரம்பியுங்கள். ஓட்டிய பிறகு டயரின் உள்ளோரம், வெளியோரம் இரண்டும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தால் அதை அப்படியே விட்டுவிடலாம்.

டோவுக்கு, சக்கரத்தைச் சுற்றிவிட்டு டயர் நடுவில் ஆணியால் ஒரு கோடு கீறிக்கொள்ளுங்கள். அச்சு உயரத்தில் இரண்டு கோடுகளுக்கும் நடுவே முன்புறம் ஒரு அளவு, பின்புறம் ஒரு அளவு. முன்புற அளவு 2 மி.மீ. கூடுதலாக இருந்தால் தொடக்கத்துக்கு நல்லது. டை ராடை (ஸ்டியரிங்கை ஸ்பிண்டிலோடு இணைக்கும் கம்பி) இரண்டு பக்கமும் சமமாகத் திருப்புங்கள், இல்லாவிட்டால் ஸ்டியரிங் கோணலாக நிற்கும். கேஸ்டரை மாற்றினால் டோவும் மாறும், திரும்ப அளந்தே ஆக வேண்டும்.

ஒரு சமயத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து ஐந்து சுற்று ஓட்டுங்கள். செட் முடிந்ததும் டை ராட் லாக் நட்டின் மேல் பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். ட்ராக் ஓரத்துக் கல்லில் ஏறி இறங்கி வந்ததும் முதலில் அந்தக் கோட்டைத்தான் பார்க்க வேண்டும். கோடு விலகியிருந்தால் வண்டியை மறுபடி ட்ராக்கில் விடாதீர்கள்.