இன்ஜின் லைட் எரிகிறதா? ஸ்பேர் வாங்கும் முன் வீட்டிலேயே பார்க்க வேண்டியவை

டேஷ்போர்டில் மஞ்சள் இன்ஜின் படம் வந்ததும், அது எப்படி எரிகிறது என்று கவனியுங்கள். அணையாமல் எரிந்தால் நிதானமாக ஓட்டி வீடு சேரலாம். மின்னி மின்னி எரிந்தால் மிஸ்ஃபயர், அதாவது ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. எரியாத பெட்ரோல் சைலென்சர் பக்கம் போய் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைப் பாழாக்கிவிடும். பாபநாசத்திலிருந்து காரையாருக்கு ஏறும்போது மின்னினால் ஆக்ஸிலேட்டரை விட்டு ஓரங்கட்டிவிடுங்கள். சிவப்பாக ஆயில் லைட்டோ டெம்பரேச்சர் லைட்டோ வந்தால் அங்கேயே இன்ஜினை அணைக்க வேண்டும், அதற்கு இந்த வைத்தியம் ஆகாது.

வண்டியின் கம்ப்யூட்டர் சொல்வதைப் போனுக்கு அனுப்பும் இஎல்எம்327 வகை புளூடூத் அடாப்டர், போனில் டார்க் (Torque) அல்லது கார் ஸ்கேனர் (Car Scanner) ஆப், 10 நம்பர் ஸ்பானர், டார்ச் லைட் இருந்தால் போதும். ஐபோனுக்கு சாதா புளூடூத் அடாப்டர் சேராது. வைஃபை அல்லது புளூடூத் எல்இ வகை வாங்குங்கள்.

ஸ்டியரிங்குக்குக் கீழே, டேஷ்போர்டின் அடியில் பழுது பார்க்க வைத்திருக்கும் 16 பின் ஓபிடி (OBD) சாக்கெட் இருக்கும். அடாப்டரைச் செருகி, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து போனை இணையுங்கள். பாஸ்வேர்டு பெரும்பாலும் 1234 அல்லது 0000.

ஆப்பில் வந்த கோடுகளை (code, பி0113 போன்ற பழுது எண்கள்) அழிக்கும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். கூடவே ஃபிரீஸ் ஃபிரேமையும் எடுக்க வேண்டும்: கோடு விழுந்த நேரத்தில் ஆர்பிஎம், வேகம், கூலன்ட் சூடு எவ்வளவு என்று அதில் இருக்கும். அழித்தால் அதுவும் போய்விடும்.

இங்கேதான் பலர் காசை விடுகிறார்கள். கோடு சொல்வது கெட்டுப்போன பாகத்தின் பெயர் அல்ல, எந்த இடத்தில் தேட வேண்டும் என்பதை மட்டுமே. நம்ம பக்கம் முதலில் பார்க்க வேண்டியது ஒயர். அறுப்பு முடிந்து வயல் காய்ந்தால் எலி வீட்டுப் பக்கம் திரும்பும். பானட்டுக்குள் சூடும் மறைவும் இருந்தால் கேட்கவே வேண்டாம். இன்ஜின் மேலிருக்கும் பிளாஸ்டிக் கவரைக் கழற்றி, புழுக்கை, பஞ்சு, கடித்த ஒயர் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

உதாரணமாக பி0113, உள்ளே போகும் காற்றின் சூட்டை அளக்கும் சென்சார் சம்பந்தப்பட்டது. ஆப்பில் லைவ் டேட்டாவைத் திறங்கள். பாளையங்கோட்டை சித்திரை வெயிலில் மைனஸ் 40 டிகிரி என்று காட்டினால் கப்ளர் (ஒயரைச் சென்சாரில் செருகும் முனை) கழன்றிருக்கும், ஒயர் அறுந்திருக்கும், அல்லது சென்சார் போயிருக்கும். சென்சாருக்கு இரண்டே ஒயர் என்றால், கப்ளரைக் கழற்றி ஒயர் பக்கம் உள்ள அதன் இரண்டு முனைகளையும் சிறு ஒயரால் இணைத்துப் பாருங்கள். சூடு உச்சத்துக்குப் போனால் ஒயர் நல்லது, சென்சார்தான் மாற்ற வேண்டும். அப்போதும் மைனஸ் 40-லேயே நின்றால் அறுந்த இடத்தைத் தேடுங்கள். உள்ளே போகும் காற்றின் அளவைப் பார்க்கும் ஏர்ஃப்ளோ மீட்டரோடு சேர்ந்து நான்கைந்து ஒயர் வரும் சென்சாரில் இதைச் செய்யக் கூடாது. அறுந்த ஒயரை முறுக்கி டேப் சுற்றினால் ஐப்பசி மழைக்குப் பச்சை பூத்துவிடும். சால்டர் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு மூடுங்கள்.

பி0171 என்றால் பெட்ரோலுக்குக் காற்று அதிகம். ஏர் ஃபில்டர் மாற்றிய கையோடு இது வந்தால் ஓஸ் கிளாம்ப் சரியாக முறுக்கப்படவில்லை என்றே முதலில் சந்தேகப்படுங்கள். இன்ஜின் சூடானதும் லைவ் டேட்டாவில் லாங் டேர்ம் ஃபியூல் டிரிம் பாருங்கள்; கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்பதன் சதவீதம் அது. ஐடிலில் கூட்டல் 10 சதவீதத்துக்கு மேல் இருந்து, 2500 ஆர்பிஎம்மில் இறங்கினால் எங்கோ வேக்வம் ஓஸில் காற்று கசிகிறது. ஆர்பிஎம் ஏற ஏற டிரிம்மும் ஏறினால் பெட்ரோல் வரத்தையோ ஏர்ஃப்ளோ மீட்டரையோ பாருங்கள்.

பி0301 முதல் பி0304 வரை வந்தால் கடைசி எண்தான் மிஸ்ஃபயர் ஆகும் சிலிண்டர். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி காயில் (பிளக்குக்கு மின்சாரம் தருவது) உள்ள வண்டியில், இன்ஜினை அணைத்து ஆறவிட்டு, பி0301 என்றால் 1-ஆம் காயிலையும் 2-ஆம் காயிலையும் இடம் மாற்றி, மறுபடி ஸ்டார்ட் செய்து பாருங்கள். கோடு பி0302 ஆனால் காயில் போய்விட்டது. பி0301-லேயே நின்றால் அடுத்து பிளக்கை அதேபோல் மாற்றிப் பாருங்கள். அதிலும் நகரவில்லை என்றால் இன்ஜெக்டர் அல்லது கம்ப்ரஷன்; அது மெக்கானிக் வேலை.

பி0420 என்றால் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று கம்ப்யூட்டர் நினைக்கிறது. அதற்காக உடனே கன்வெர்ட்டர் வாங்கிவிடாதீர்கள், விலை அதிகம். மிஸ்ஃபயர் கோடு கூடவே இருந்தால் அதை முதலில் சரிசெய்து, சைலென்சர் இணைப்பில் புகை கசிகிறதா என்றும் பாருங்கள்.

பழுது தீர்ந்த பிறகே கோடை அழியுங்கள். பல கோடுகள் இரண்டு ஓட்டத்தில் அடுத்தடுத்து தெரிந்தால்தான் லைட்டைப் போடும். அதனால் சில நாள் ஓட்டிவிட்டு ஆப்பில் பெண்டிங் பகுதியை (லைட் போடும் முன் கம்ப்யூட்டர் குறித்து வைத்த கோடுகள்) திறந்து பாருங்கள். வேலை முடிந்ததும் அடாப்டரைக் கழற்றிவிடுங்கள், செருகியே கிடந்தால் நின்ற வண்டியின் பேட்டரியை மெல்ல இறக்கும்.